ஒரே பைத்தான், ஐந்து வாசல்: கடலூரிலிருந்து ஓர் ஒப்பீடு

மஞ்சக்குப்பத்தில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதக் கடைசியில் நாற்பது கிளைகளிலிருந்து வரும் எக்செல் கோப்புகளைத் திறந்து, ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டி, சரக்கிருப்பைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. இந்த வேலையைப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் சில நிமிடங்களில் முடித்துவிடும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு அதைக் கற்கத் தொடங்கி இரண்டாண்டுகள் கடந்த பிறகு, ஒரு பொங்கல் விடுமுறையில் கணக்கெடுத்துப் பார்த்தேன். நான்கு தளங்களில் பதினொரு பாடங்களில் சேர்ந்திருந்தேன். எதிலும் மூன்றாம் பகுதியைத் தாண்டியிருக்கவில்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் ஃபார் லூப் என்பதை மட்டும் நான்கு ஆசிரியர்களிடம் நான்கு முறை கற்றிருந்தேன். நாற்பது கோப்புகளை அப்போதும் கையால்தான் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான், கற்பதற்கு இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். பாடத்தின் தரத்தை நான் அளவுகோலாகக் கொள்ளவில்லை. இன்று எந்தத் தளத்திலும் நல்ல ஆசிரியர் கிடைக்கிறார். காலையில் அலுவலகமும் மாலையில் வீட்டு வேலையும் உள்ள ஒருவரை, தொடங்கிய ஒரே பாடத்தில் கடைசி வாரம் வரை எந்த வழி உட்கார வைக்கிறது என்பதே என் அளவுகோல்.

பாதியில் விடுவது எனக்கு மட்டும் உள்ள குறையும் இல்லை. ஹார்வர்டும் எம்ஐடியும் 2012இல் தொடங்கிய எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் அவ்விரு பல்கலைக்கழகங்களும் நடத்திய பாடங்களின் ஆறாண்டுத் தரவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. 2017-18இல் பதிவு செய்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேர். பதிவு செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாடத்தைத் திறந்தே பார்க்கவில்லை. ஆனால் அதே ஆண்டில், சான்றிதழுக்காகப் பணம் கட்டிச் சேர்ந்தவர்களில் 46 சதவீதத்தினர் முடித்திருந்தார்கள். பணம் கட்டுபவர் முன்பே ஆர்வம் மிகுந்தவராக இருக்கலாம் என்பதால் பணமே படிக்க வைக்கிறது என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் மூன்றுக்கும் நாற்பத்தாறுக்கும் உள்ள தொலைவைக் கண்ட பிறகு, இலவசம் என்ற சொல்லை நான் முன்போல் பார்ப்பதில்லை.

அந்த இலவசத்தின் தலைவாசல் யூடியூப். பைத்தானை நல்ல தமிழில், பேச்சு நடையில், ஒரு காசு வாங்காமல் சொல்லித்தரும் காணொளித் தொடர்கள் அங்கே ஏராளம். ஆங்கிலத்தில் கேட்டுப் புரியாத ஒன்றைத் தமிழில் ஒருவர் எடுத்துச் சொல்லும்போது விளங்கிவிடுவதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். அதன் சிக்கல் திரையின் ஓரத்தில் இருக்கிறது. ஐந்தாம் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இதைவிட எளிதாக, இதைவிட விரைவாக, ஒரே காணொளியில் முழுப் பைத்தானும் என்று வேறொருவர் வலப்பக்கம் நின்று அழைக்கிறார். ஆறாம் பாடத்துக்குப் போகாமல் அவருடைய முதல் பாடத்துக்குப் போய்விடுகிறோம். யூடியூபை அகராதியாக வைத்துக்கொள்ளலாம், பாடநூலாக வைத்துக்கொள்வது கடினம் என்பது என் கருத்து.

அடுத்தது, பாடத்தைத் தனித்தனியாக விலைக்கு விற்கும் தளங்கள். இவ்வகையில் பலரும் அறிந்தது 2010இல் தொடங்கிய யுடெமி. சில நூறு ரூபாய்க்கு வாங்கிய பாடம் நம் கணக்கிலேயே இருக்கும். பிடிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வாங்கும்போது படித்துவிட்டதைப் போன்ற ஒரு நிறைவு வருவதுதான் இதிலுள்ள ஆபத்து. தள்ளுபடி விலையில் வாங்கிப் பீரோவில் அடுக்கிய புடவைகள் என்று என் மனைவி இதைச் சொன்னார். அவருடைய பீரோவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு விட்டாலும் நாளைக்குப் பார்க்கலாம், அடுத்த ஆண்டும் பார்க்கலாம் என்பது விற்பவர் தரும் வசதி, படிப்பவருக்கோ அதுவே பள்ளம். ஆயினும் ஒரு வகையினருக்கு இதுவே சிறந்த வழி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சந்தா கட்டும் தளங்களைப் பற்றி நீண்ட நேரம் யோசித்தேன். கோர்ஸெரா போன்றவற்றில் மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு தொகை கட்டினால் ஆயிரக்கணக்கான பாடங்கள் திறந்துவிடுகின்றன. கல்யாண வீட்டில் இலை போட்டுப் பரிமாறும் பந்திக்கும், தட்டை ஏந்தி நாமே எடுத்துக்கொள்ளும் பஃபேவுக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். இலையில் உட்கார்ந்தவர் பாயசம் வந்து மோர் வரும் வரை எழுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் சாப்பிட்டு முடிக்காமல் இலையை மடிப்பது மரியாதையும் இல்லை. பஃபேயில் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி எடுத்து, எதையும் முழுதாகச் சாப்பிடாமல், வயிறு நிறைந்ததா இல்லையா என்று தெரியாமல் வெளியே வருகிறோம். ஆண்டுச் சந்தா கட்டிய நான் பைத்தானுக்காகச் சேர்ந்து, புள்ளியியல், காணொளித் தொகுப்பு, பேச்சுக்கலை என்று மூன்று பக்கம் அலைந்தேன். மாதச் சந்தா அப்படியில்லை. இந்த மாதத்துக்குள் முடிக்காவிட்டால் அடுத்த மாதமும் பணம் போகும் என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே சந்தா கட்ட விரும்புபவர்கள், கூட்டிப் பார்த்தால் விலை அதிகமாகத் தெரிந்தாலும், மாதச் சந்தாவையே கட்டுவது நல்லது.

நான்காவது வழியை நான் ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டிருந்தேன். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல், இன்று ஒன்றிய அரசின் ஸ்வயம் தளத்தின் வழியாகப் பாடங்களை நடத்துகிறது. அங்கே பைத்தானுக்கே ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்கள் உண்டு. ஐஐடி ரோபரின் ‘தி ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைத்தான்’ பன்னிரண்டு வாரம். சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் பாடம் எட்டு வாரம். பாடம் கேட்கக் கட்டணம் கிடையாது. தேர்வு எழுத விரும்பினால் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். இவ்வளவையும் கேட்டால் இதுவும் இன்னொரு இலவசப் பாடம்தானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வேறுபாடு நாட்காட்டியில் இருக்கிறது. பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. நினைத்த நாளில் சேர முடியாது. ஒவ்வொரு வாரமும் ஒரு அசைன்மென்ட். அதற்கு ஒரு கடைசி நாள். அந்த நள்ளிரவு கடந்தால் கதவு மூடிவிடும். பெரும்பாலான பாடங்களில் மொத்த மதிப்பெண்ணில் 25 சதவீதம் இந்த அசைன்மென்ட்டுகளுக்கும் 75 சதவீதம் நேரில் சென்று எழுதும் தேர்வுக்கும் உரியது. அசைன்மென்ட்டில் 25க்குப் பத்து, தேர்வில் 75க்கு முப்பது என்று இரண்டிலும் தனித்தனியே எடுத்தால்தான் சான்றிதழ். இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி, பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்ட்டுகளை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்வது. வீட்டில் ஒரு காய்ச்சல், ஊரில் ஒரு புயல், உறவில் ஒரு கல்யாணம் என்று நான்கு வாரம் போனாலும் மீண்டும் உள்ளே வர இடம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. கரும்பலகை வகுப்பின் வேகம் சில வாரங்களில் மெதுவாகவும் சில வாரங்களில் நம்மை விட்டுவிட்டு ஓடுவதாகவும் இருக்கிறது. கல்லூரி மாணவர்களை மனத்தில் வைத்து அமைந்தவை என்பதால், எக்செல் கோப்பை ஒட்ட வந்த கணக்கருக்கு வேண்டியதை நேரடியாகச் சொல்வதில்லை. யூடியூபின் விறுவிறுப்பை எதிர்பார்த்துப் போனால் இரண்டாம் வாரத்திலேயே சலிப்பு தட்டும்.

கடைசியாக, ஊரில் உள்ள கம்ப்யூட்டர் சென்டர். திருப்பாதிரிப்புலியூரில் ஒன்றில் மூன்று மாதத்துக்குப் பணம் கட்டிச் சேர்ந்தேன். அந்த மூன்று மாதத்தில் ஆசிரியர் இரண்டு முறை மாறினார். கொடுத்த அச்சுத் தாள்கள் இணையத்தில் கிடைப்பவைதாம். கற்பித்தல் என்ற வகையில் ஐந்து வழிகளிலும் இதுவே மிகவும் பலவீனமானது. ஆனால் வாரத்தில் நான்கு மாலை நான் தவறாமல் போனேன். ஏழு மணிக்கு என் நாற்காலி காலியாக இருந்தால் பக்கத்து நாற்காலிப் பெண் மறுநாள், “ஏன் சார் நேத்து வரல?” என்று கேட்பார். எந்தத் தளமும் எனக்கு அனுப்பிய நினைவூட்டல் மின்னஞ்சல்களைவிட அந்தக் கேள்விக்கு வலு அதிகம்.

பள்ளி முடித்த கோடையில் டைப்ரைட்டிங் கற்ற இடம் அந்தக் கேள்வியைக் கேட்டதும் நினைவுக்கு வந்தது. ஒரு மணி நேரம், ஒரு இயந்திரம், ஒரு தாள். ஏஎஸ்டிஎஃப் வரிசை விரலில் படியும் வரை அடுத்த பாடத்தைத் தரமாட்டார்கள். ஜூனியருக்கு நிமிடத்துக்கு முப்பது சொல், சீனியருக்கு நாற்பத்தைந்து. அரசுத் தேர்வு ஆண்டுக்கு இரு முறை. வேறொரு பாடம் பக்கத்தில் இருந்து அழைப்பதற்கு அந்த அறையில் இடமே இருந்ததில்லை.

புதுச்சேரியில் வேலை பார்க்கும் என் நண்பர் ஒருவர் பிரெஞ்சு கற்கிறார். கடலூரிலிருந்து கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் வழியாகப் பேருந்தில் போய்வரும் நேரத்தில் கைப்பேசிச் செயலியில் சொற்களைப் பயின்றாலும், அவருடைய முதன்மைப் படிப்பு 1889இல் தொடங்கப்பட்ட அலியான்ஸ் பிரான்சேஸில் நடக்கும் நேர்முக வகுப்புதான். அவர் என்னைப்போல் அலையாததற்குக் காரணம் அவருடைய மன உறுதி என்று நீண்ட நாள் நினைத்திருந்தேன். உண்மையில், மொழிக்கு ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிக்கட்டு இருக்கிறது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண், மொத்தத்தில் ஐம்பதாவது எடுத்தால்தான் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் தேர்ச்சி. ஏ1 முடித்தவர் இன்னொரு ஏ1 வகுப்பில் போய்ச் சேர்வதில்லை. பைத்தானுக்கு அப்படி எல்லோரும் ஏற்ற படிக்கட்டு கிடையாது. தொடக்கநிலை என்ற பெயரில் ஆயிரம் பாடங்கள் நிற்கின்றன; அடுத்த படி எதுவென்று தெரியாதவர் இன்னொரு முதல் படியில் ஏறுகிறார். நான்கு ஃபார் லூப்பின் காரணம் அதுதான்.

ஆகவே என் தீர்ப்பு ஆளுக்கு ஆள் மாறும். அலுவலகத்தில் அடுத்த வாரமே தீர்க்க வேண்டிய ஒரு குறிப்பிட்ட சிக்கல் கையில் இருப்பவருக்குத் தனி விலைப் பாடமே போதும். வேலையே அவரை விரட்டும், வேண்டிய இரண்டு பகுதிகளைப் பார்த்துவிட்டு மற்றதை மனச்சாட்சி உறுத்தாமல் விட்டுவிடலாம். அடிப்படையிலிருந்து ஒழுங்காகக் கற்க விரும்பும் வேலை பார்ப்பவருக்கு, தேதி உள்ள என்பிடெல் பாடமும் முதல் வாரத்திலேயே கட்டிய தேர்வுக் கட்டணமும். வீட்டில் உட்கார இடமோ அமைதியோ இல்லாதவருக்கு, கற்பித்தல் சுமாராக இருந்தாலும், உள்ளூர் சென்டரின் நாற்காலி. ஆண்டுச் சந்தாவை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜூலையில் பன்னிரண்டு வாரப் பாடத்தில் சேர்ந்தேன். மற்றத் தளங்களின் செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்கினேன். திரையில் வந்த பிழைச் செய்தியை அப்படியே தட்டித் தேடுவதற்கு மட்டும் யூடியூபைத் திறப்பது என்று வைத்துக்கொண்டேன். ஒன்பதாம் வாரத்தில் பாடத்துக்கு வெளியே என் கோப்புகளை ஒட்டிப் பார்த்தேன். நாற்பதில் இருபத்தேழு ஒட்டிக்கொண்டன. மீதிப் பதிமூன்றில் தேதிகள் எழுத்தாகவே சேமிக்கப்பட்டிருந்தன. பாண்டாஸ் என்ற நிரல் தொகுதி அவற்றை வாசிக்கும்போது மாதத்தை முதலில் வைத்து, ஏப்ரல் மூன்றாம் தேதியை மார்ச் நான்கு என்று எடுத்துக்கொண்டது. தேடியபோது முதலில் வந்தது பாண்டாஸுக்கென்றே தனியாக ஒரு முழுப் பாடம், தள்ளுபடி இன்றிரவு முடிகிறது என்ற அறிவிப்போடு. அதற்குக் கீழே, நாளை முதலில் வாசிக்கச் சொல்லும் டேஃபர்ஸ்ட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும் என்று யாரோ இரண்டு வரியில் எழுதியிருந்தார். அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு, தாவலை மூடி, பத்தாம் வார அசைன்மென்ட்டைத் திறந்தேன்.