சுங்குடிக் கடைக்கு எது சரி: மாத அட்டவணையா, அன்றன்றைய பதிவா?

மதுரையில் சுங்குடிப் புடவை விற்கும் ஒரு சின்னக் கடையை எடுத்துக்கொள்வோம். முதலாளியும் ஓர் உதவியாளரும்தான் ஆட்கள். இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் பதிவுகளை மாதத் தொடக்கத்திலேயே தயார் செய்து வைப்பதா, வந்த சரக்கை அன்றன்று படம் பிடித்துப் போடுவதா?

மாத அட்டவணையின் பலம் பண்டிகையும் முகூர்த்தமும். ஆவணி முகூர்த்தத்துக்குப் புடவை எடுப்பவர் ஆடியிலேயே பார்க்கத் தொடங்குவார். ரவிக்கை தைக்கக் கொடுக்க வேண்டுமே. பருத்தி என்பதால் சித்திரை வெயிலுக்கு முன்பே சுங்குடியைக் கண்ணில் காட்டிவிட வேண்டும். பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துத் திட்டமிட்டால் இதெல்லாம் தவறாது. செலவும் இல்லை. மெட்டா பிசினஸ் சூட்டில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் இலவசமாகவே நேரம் குறித்து வைக்கலாம்.

இடிப்பது எங்கே என்றால், கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த புடவையில் ஒன்றைப் போல இன்னொன்று வராது. பத்தாம் தேதிக்குக் குறித்து வைத்த மஞ்சள் புடவை ஐந்தாம் தேதியே விற்றுப்போயிருக்கும். பதிவைப் பார்த்து ஆசையாக "இருக்கா?" என்று கேட்பவரிடம் இல்லை என்று சொல்ல வேண்டிவரும். இரண்டு தடவை அப்படி ஆனால், அவர் மூன்றாவது தடவை கேட்கவே மாட்டார்.

அன்றன்று போடுவதில் இந்தச் சிக்கல் இல்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைவது இந்த வியாபாரத்துக்குப் பெரிய வசதி. ஆனால் நம் எண்ணைச் சேமித்து வைக்காதவருக்கு ஸ்டேட்டஸ் தெரியாது, ஒரே தடவையில் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் செய்தியும் போகாது. பில் போடும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிட வேண்டும். இன்னொரு குறை, கடையில் கூட்டம் நெரியும் நாளில் படம் எடுக்கக் கை ஒழியாது.

என் கணிப்பில், தனிப் புடவைகளை அட்டவணையில் ஏற்றவே கூடாது. அவை ஸ்டேட்டஸுக்கு. அட்டவணைக்கு உரியது தொழில் நுணுக்கம்: முடிச்சுப் போடும் விரல்கள், சாயத் தொட்டி, காய்ந்த துணியை இழுத்ததும் முடிச்சுகள் அவிழ்ந்து புள்ளிகள் தெரியும் அந்த நொடி. இவை எந்த மாதத்திலும் பழசாகாத ரீல்ஸ். வாரத்தில் ஒரு காலை ஒதுக்கி நாலைந்து எடுத்து வைத்தால் போதும். டியூப்லைட்டில் நிறம் மாறித் தெரியும், அதனால் வாசல் நிழலில் எடுங்கள்.

அப்புறம், எந்த வழியில் போட்டாலும் இரண்டைக் கட்டாயம் எழுதுங்கள். ஒன்று, கைமுடிச்சா, அச்சுப் புள்ளியா என்பது. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு (ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு) கிடைத்த பிறகும் இரண்டும் ஒரே பெயரில்தான் விற்கின்றன. கைமுடிச்சுக்கு ஏன் கூடுதல் விலை என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். இரண்டாவது, விலை. "விலைக்கு மெசேஜ் பண்ணவும்" என்று போட்டால், கூச்சப்படுபவர்கள் கேட்காமலே நகர்ந்துவிடுவார்கள்.