படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஏர் பெட்: வாங்கும்போதும் விரிக்கும்போதும் பார்க்க வேண்டியவை

படுக்கைப்புண் வராமல் தடுக்க, பம்ப் ஓட ஓடக் காற்றுக் குமிழ்கள் உப்பித் தளரும் ஏர் பெட் வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். பக்கவாதமோ இடுப்பு எலும்பு முறிவோ வந்து, தானாகப் புரண்டு படுக்க முடியாதவர் வீட்டில் இருந்தால் கட்டிலுக்கு அடுத்தபடி வாங்க வேண்டியது இதுதான். ஆனால் மெத்தையை விரித்து, பம்ப்பை ஓட விட்டுவிட்டு, இனி புரட்டிப் போட வேண்டியதில்லை என்று இருந்துவிட்டால் கொடுத்த காசு வீண். ஏர் பெட் மேல் படுத்திருந்தும் பல பேருக்குப் படுக்கைப்புண் வருகிறது. பெரும்பாலும் அதற்குக் காரணம், மெத்தையைப் போட்ட விதம்.

இது செய்யும் வேலை எளிமையானது. அசையாமல் கிடக்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில் இறங்குகிறது. பின்னிடுப்பு எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால், தோள்பட்டை, பின்தலை, முழங்கை எல்லாமே ஆபத்தான இடங்கள். ஒருக்களித்துப் படுத்தால் காது மடலும் கணுக்கால் எலும்பும் சேர்ந்துகொள்ளும். தோலுக்கு அடியில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் அழுத்தம் சுமார் 32 மி.மீ. பாதரசம் என்பது வழக்கமான கணக்கு. அதைவிட அதிகமான அழுத்தம் மணிக்கணக்கில் நீடித்தால் அங்கே ரத்தம் ஓடாது, சதை உள்ளுக்குள்ளேயே சாகத் தொடங்கிவிடும். தோல் கிழிந்து கண்ணுக்குத் தெரிவது அதற்குப் பிறகுதான். ஏர் பெட்டில் குமிழ்கள் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக இரண்டு கூட்டமாகப் பிரிந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கூட்டம் உப்பும், மற்றது தளரும். இப்படி ஒரே இடத்தில் பாரம் தங்காமல் மாறி மாறி இறங்கும்.

கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். குமிழ் வகை சுமார் ஆறரை அடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அங்குல உயரம் இருக்கும். விலை பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ரூபாய்க்குள் அடங்கும். இன்னொன்று குழாய் வகை. குறுக்கே தனித்தனிக் குழாய்களை அடுக்கியது போல, நாலைந்து அங்குல உயரத்தில் இருக்கும். விலை இரண்டு மூன்று மடங்கு கூடுதல். ஒரு குழாய் கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நோயாளி கனமான உடம்புக்காரராக இருந்தாலும், ஏற்கெனவே புண் வந்திருந்தாலும், மாதக்கணக்கில் படுக்கையில்தான் இருப்பார் என்று டாக்டர் சொல்லியிருந்தாலும் குழாய் வகையே நல்லது. ஒன்றிரண்டு மாதம் படுத்துத் தேறப்போகிறவருக்குக் குமிழ் வகை போதும். தண்ணீர் மெத்தையை இப்போதும் சில கடைகளில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். நிரப்பினால் பாரம் அதிகம், இடம் மாற்ற முடியாது, அழுத்தமும் மாறி மாறி வராது. அதை விட்டுவிடுங்கள்.

கடையிலேயே பம்ப்பை மாட்டி ஓட விட்டுப் பாருங்கள். முழுதாக உப்ப 20 முதல் 30 நிமிடம் ஆகும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் காத்திருந்து, ஒரு வரிசை தளர்ந்து அடுத்தது எழுவதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். பம்ப்புக்கு ஒரு வருட வாரன்டி தருவது வழக்கம். மெத்தைக்கு உண்டா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். ஒட்டுப்போடும் பசையும் துண்டுகளும் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் பில்லை நினைத்துக் கவலை வேண்டாம். சிறிய பம்ப் ஏறக்குறைய 7 வாட்தான் எடுக்கும். இரவும் பகலும் ஓடினாலும் மாதம் 5 யூனிட்.

இனி விரிக்கும் முறை. தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். குமிழ் வகை மெத்தையை மட்டும் விரித்துப் படுக்க வைக்கக் கூடாது. அடியில் நாலு அங்குல நார் மெத்தையோ ஃபோம் மெத்தையோ இருக்க வேண்டும். வெறும் பலகை மேலோ இரும்புக் கட்டில் தகட்டின் மேலோ போட்டால், குமிழ் தளரும் நேரத்தில் எலும்பு நேராகப் பலகையில் முட்டும். குமிழ்கள் மேல்பக்கம் பார்த்திருக்க வேண்டும், ட்யூப் வரும் முனை கால்மாட்டில் இருக்க வேண்டும். தலைமாட்டில் வைத்தால் பம்ப்பின் ரீங்காரம் காதருகே கேட்டுக்கொண்டே இருக்கும், ட்யூபும் உடம்புக்கு அடியில் மாட்டும். இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் மடிப்பை அடி மெத்தைக்குக் கீழே செருகுங்கள். பம்ப்பைக் கொக்கியால் கட்டில் சட்டத்தில் மாட்டுங்கள். தரையில் வைத்தால் துடைக்கும் தண்ணீர் உள்ளே போகும், தூசியையும் இழுக்கும்.

மெத்தை மேல் ஒரே ஒரு பருத்தித் துணி போதும். பழைய வேட்டியோ நைந்த காட்டன் சேலையோ மிகப் பொருத்தம். பலர் ரப்பர் ஷீட்டை விரித்து, அதன் மேல் போர்வையை மடித்துப் போட்டு, அதற்கும் மேல் துண்டு விரிக்கிறார்கள். இத்தனை அடுக்குக்குக் கீழே குமிழ் எழுவதும் தளர்வதும் தோலுக்கு எட்டாது. துணியை நான்கு பக்கமும் விறைப்பாக இழுத்துச் செருகினாலும் இதே கதிதான், தூளியில் கிடப்பது போல ஆகிவிடும். தளர்வாக, ஆனால் சுருக்கம் இல்லாமல் விரிக்க வேண்டும். மெத்தை பிளாஸ்டிக் என்பதால் நம் ஊர் வெயிலுக்கு முதுகில் வேர்வை ஊறும். துணி ஈரமானால் உடனே மாற்றுங்கள். ஊறிப்போன தோல் சீக்கிரம் கிழியும்.

பம்ப்பில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் டயலை என்ன அளவில் வைப்பது என்று கையேடு பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். கையால் பார்ப்பதுதான் சரியான வழி. முதலில் டயலை முழுதாக வைத்து உப்ப விடுங்கள். நோயாளியைப் படுக்க வைத்து, டயலை நடுவாகக் குறைத்து, கால் மணி நேரம் பொறுங்கள். பிறகு வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, உள்ளங்கை மேலே பார்க்க, விரல்களை நீட்டி, ஏர் பெட்டுக்கும் அடி மெத்தைக்கும் இடையே கையை நுழைத்து, பிட்டத்துக்கு நேர் கீழே கொண்டுபோங்கள். அங்கே குமிழ் தளர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்ய வேண்டும். கைக்கும் உடம்புக்கும் நடுவே ஓர் அங்குலக் காற்றாவது மெத்துமெத்தென்று தெரிந்தால் சரி. பிட்டத்தின் பாரம் கையில் கெட்டியாக இறங்கினால் காற்று போதவில்லை என்று அர்த்தம், டயலைக் கொஞ்சம் கூட்டுங்கள். கட்டாந்தரை போல விறைத்திருந்தால் குறையுங்கள். கூட்டிக் குறைத்து ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். சரியான இடம் கிடைத்ததும் டயல் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். வீட்டைப் பெருக்க வருபவரின் கை பட்டு டயல் திரும்பிப்போவது அடிக்கடி நடக்கும்.

சாப்பாடு கொடுக்கத் தலைப்பக்கத்தை உயர்த்தும்போது பாரமெல்லாம் பிட்டத்துக்கு இறங்கும். அந்த நேரத்துக்கு டயலைக் கூட்டி, முடிந்ததும் பழைய கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். தலையை உயர்த்துவதற்கு முன் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள், இல்லாவிட்டால் உடம்பு கீழே வழுக்கும். வழுக்கும்போது தோல் துணியோடு ஒட்டிக்கொண்டு நிற்க, எலும்பு மட்டும் நகரும். பின்னிடுப்பில் வரும் ஆழமான புண்களுக்கு இந்த இழுபறி ஒரு முக்கியக் காரணம். சாப்பிடும் நேரம் போக மற்ற நேரத்தில் 30 டிகிரிக்கு மேல் உயர்த்தி வைக்க வேண்டாம், டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர. மேலே தூக்கிப் படுக்க வைக்கும்போதும் அக்குளைப் பிடித்து இழுக்காதீர்கள். இரண்டு பேர் நின்று, அடியில் இருக்கும் துணியோடு சேர்த்துத் தூக்குங்கள்.

ஏர் பெட் இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பத்தான் வேண்டும். மல்லாக்க, வலப்பக்கம், மல்லாக்க, இடப்பக்கம் என்று மாறி வரட்டும். ஒருக்களிக்கும்போது நேர் செங்குத்தாகப் படுக்க வைத்தால் பக்கவாட்டு எலும்பு நசுங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். குதிகாலை ஏர் பெட் காப்பாற்றாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அங்கே எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் சதை மிகக் குறைவு. கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு வைப்பது, நடுவில் ஓட்டை போட்ட காற்று வளையத்தில் உட்கார வைப்பது இரண்டும் வேண்டாம். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தை இன்னும் கெடுக்கும்.

இதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கட்டிலில் கட்டித் தொங்கவிடுங்கள். நேரம், எந்தப் பக்கம், தோல் எப்படி, சிறுநீர் மலம், சாப்பிட்டது, திருப்பியவர் பெயர். இவ்வளவு எழுதினால் போதும். பகலில் மருமகள், இரவில் மகன், நடுவில் வேலைக்கு வரும் அக்கா என்று மூன்று பேர் பார்க்கும் வீட்டில், “நான் திருப்பினேன், நீ திருப்பினாயா” என்ற சண்டை இதனால் ஓயும். டாக்டரிடம் போனால் கேட்பதற்கெல்லாம் பதிலும் அதில் இருக்கும். இரவில் இடைவெளியை மூன்று மணி நேரமாக நீட்ட முடியுமா என்பதையும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காலையில் தோல் தெளிவாக இருந்தால் நீட்டிப் பார்க்கலாம். பார்த்துக்கொள்பவருக்குத் தூக்கம் கிடைப்பது நோயாளிக்கும் நல்லது. அந்த ஒரு மணி நேரத் தூக்கத்துக்காகவே இந்த மெத்தைக்குப் பணம் கொடுக்கலாம்.

தோலைத் தினமும் இரண்டு வேளை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்காமல் அப்படியே நின்றால் அது புண்ணின் முதல் கட்டம். மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ, கருநீலமாகவோ இருந்தால் அதே எச்சரிக்கைதான். அந்த இடத்தில் பாரமே படாமல் படுக்க வைக்க வேண்டும். எண்ணெயோ ஸ்பிரிட்டோ விட்டு அழுத்தித் தேய்க்கும் பழைய வழக்கம் சேதத்தைக் கூட்டும். தோல் உரிந்தால், கறுத்தால், நாற்றம் வந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

இனி ரிப்பேர். பம்ப் ஓடுகிறது, மெத்தை எழவில்லை என்றால் முதலில் ட்யூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், பாதிப் புகார் அதோடு தீரும். பிறகு ட்யூபைக் கழற்றி, பம்ப்பின் வாயில் விரலை வைத்துப் பாருங்கள். காற்று வராமல் உறுமல் மட்டும் கேட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் டயஃப்ரம் கிழிந்திருக்கும். மருத்துவக் கருவி பழுது பார்க்கும் கடையில் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், புது பம்ப் தேவையில்லை. காற்று நன்றாக வந்தால் மெத்தையில்தான் ஓட்டை. சோப்பு நுரையைத் தடவினால் முட்டை விடும் இடம் தெரியும். ஊக்கு, வளையல் முனை, நகம் ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். எலி கடித்த ட்யூபும் உண்டு. கரண்ட் போனால் காற்று பம்ப் வழியாக மெல்ல இறங்கிவிடும். இன்வெர்ட்டரில் இணைப்பதே நல்லது. அது இல்லையென்றால் ட்யூப்களைப் பம்ப்பிலிருந்து கழற்றி, மடக்கி, ரப்பர் பேண்ட் போட்டுக் காற்றை நிறுத்துங்கள். அப்போது மெத்தை மாறி மாறி எழாது, அதனால் திருப்புவதில் தாமதம் கூடாது.

எல்லாருக்கும் இது ஆகாது. முதுகெலும்பு முறிந்து இன்னும் உறுதிப்படாதவருக்கு டாக்டர் சொல்லாமல் போடவே கூடாது. மறதி நோய் உள்ள சிலர் அடியில் ஏதோ நகர்கிறது என்று பயந்து எழப் பார்ப்பார்கள். மெத்தையின் உயரம் கூடியதால் பக்கக் கம்பியும் அந்த அளவு தாழ்ந்துபோயிருக்கும் என்பதால் விழுந்துவிட வாய்ப்பு உண்டு. கட்டில் ஓரத்தில் உட்கார வைக்கும்போதும் விளிம்பு அமுங்கி வழுக்கும், ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தேவை முடிந்தபின் பரணில் மடித்துப் போட்டுவிடாதீர்கள். மடிப்பில் வெடித்து ஒரே கோடையில் வீணாகிவிடும். இதே தேவையில் இருக்கும் வீடு அடுத்த தெருவிலேயே இருக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் நன்றாகக் காயவைத்து, ஒருமுறை உப்ப விட்டு ஓர் இரவு நிற்கிறதா என்று பாருங்கள். மடிக்காமல் சுருட்டிக் கொடுங்கள். ஒட்டுப்போட்ட இடம் எது, டயஃப்ரம் எப்போது மாற்றியது என்று ஒரு சீட்டில் எழுதிப் பம்ப்பின் முதுகில் ஒட்டுங்கள். டயலில் போட்ட மார்க்கர் கோட்டை மட்டும் மறக்காமல் அழித்துவிடுங்கள். அது உங்கள் வீட்டு நோயாளியின் எடைக்குப் போட்டது.