சுவரில் சாய்ந்து நிற்பதா, செம்மண் சாலையில் நடப்பதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு டாரா திங்கி, அதாவது உயர் ரத்த அழுத்தம். அம்மா விடியற்காலையில் செம்பனை ஓரமாகப் போகும் செம்மண் சாலையில் அரை மணி நேரம் விறுவிறுவென்று நடப்பார். சித்தப்பா அடுப்படிச் சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி, நாற்காலியே இல்லாமல் உட்கார்ந்த மாதிரி இரண்டு நிமிடம் நிற்பார். தொடை வெடவெடவென்று நடுங்கும். "அண்ணி, நான் சுவரிலேயே இறக்கிடுறேன் பாருங்க" என்பார்.

மிஷின் காட்டும் எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் சித்தப்பாவே ஜெயிக்கிறார். 2023-இல் 270 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அசையாமல் தாங்கி நிற்கும் பயிற்சிகளில் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு (மிஷின் காட்டும் இரண்டு எண்களில் பெரியது) சராசரியாக 8.24 குறைந்தது. நடை, ஓட்டம் போன்றவற்றில் 4.49தான்.

ஆனால் எனக்கு எண்ணைவிடக் குழாய் முக்கியம். ரத்தக்குழாயின் உள்பக்கம் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. ரத்தம் வேகமாக உரசிக்கொண்டு ஓடும்போது அது நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கும், குழாய் தளர்ந்து விரியும். இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் 1998-இல் மூவருக்கு நோபல் பரிசு. அழுத்தம் கூடிய உடம்பில் இந்தப் படலம் சோர்ந்துவிடுகிறது. சோதிக்கும் முறையும் எளிதுதான்: கையில் பட்டையை ஐந்து நிமிடம் இறுக்கிக் கட்டி, சட்டென்று அவிழ்த்து, பாய்ந்து வரும் ரத்தத்துக்குக் குழாய் எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள்.

இந்த இடத்தில் நடை முந்துகிறது. ஜப்பானில் 1999-இல் வெளிவந்த ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வாரத்தில் 5 முதல் 7 நாள், 30 நிமிடம், 12 வாரம் வேகமாக நடந்தார்கள். அவர்களுடைய முன்கைக் குழாய்கள் முன்பைவிட நன்றாக விரிந்தன. நடந்தது கால், பலன் தெரிந்தது கையில்! சுவர்ப் பயிற்சியின் இனத்தைச் சேர்ந்த கைப்பிடிப் பயிற்சியை (ஒரு பிடியைக் கையால் இறுக்கிப் பிடித்துத் தாங்குவது) மாத்திரை சாப்பிடுபவர்களிடம் சோதித்தபோது, பயிற்சி செய்த கையில் மட்டுமே குழாய் மேம்பட்டது. அடுத்த கை அப்படியே இருந்தது.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு: நான்கு நிமிடம் மூச்சிரைக்க ஏறுவது, பிறகு மெதுவாக நடப்பது, இப்படி நான்கு முறை. 2012-இல் நார்வேயில் செய்த ஆய்வில் இது சாதாரண வேகத்தை மிஞ்சியது. ஆனால் கோயில் மேட்டில் வயதானவர்களை அப்படி ஏறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டாக்டர் பார்த்துச் சொன்னால் செய்யலாம்.

"பால்மரம் வெட்டினப்ப நடக்காத நடையா?" என்று, ரப்பர் மரத்தில் பால் எடுத்த நாள்களை நினைத்து அம்மா ஆரம்பத்தில் கேட்டார். பழைய நடை இன்றைக்கு உதவாது, அம்மா. பயிற்சியை விட்டுவிட்டால் சில வாரங்களிலேயே குழாய் பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கிவிடும்.

அதனால் நான் நடையின் பக்கம். மழை கொட்டும் நாளில் சுவர் இருக்கவே இருக்கிறது. இரண்டு நிமிடம் நின்று இரண்டு நிமிடம் ஓய்வு, நான்கு முறை, வாரம் மூன்று நாள். மூச்சை அடக்கவே கூடாது, அடக்கினால் அழுத்தம் குபீரென்று ஏறும். மேல் அளவு 180-ஐத் தாண்டும் நாளில் இரண்டுமே வேண்டாம், கிளினிக்குக்குப் போய்விடுங்கள். எண் இறங்கிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

போன வாரத்திலிருந்து சித்தப்பாவும் கோயில் முக்குவரை அம்மாவோடு நடக்கிறார். திரும்பி வந்து பசியாறுவதற்கு முன் சுவர்ப் பக்கம் போய்விடுகிறார்.