18,500 ரூபாயும் போனது, கால்சியமும் போனது: தைராய்டு ஆபரேஷன் ஆனவர்கள் தயவுசெய்து படியுங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. ஆத்திரம் அடங்கவில்லை. இன்னொருவர் இப்படி ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

ஐந்து மாதத்துக்கு முன் எனக்குத் தைராய்டை முழுதாக எடுத்தார்கள். அதன் பின்பக்கம் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்பவை அவைதான். ஆபரேஷனில் அவை அடிபட்டுவிட்டன. மூன்றாம் நாளே உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது, விரல் நுனி மரத்தது. அன்றிலிருந்து கால்சியம் மாத்திரையும், கால்சிட்ரியால் என்ற வைட்டமின் டி வகை மாத்திரையும்தான். "சிலருக்குச் சில வாரத்துல சரியாகும், சிலருக்கு மாசக்கணக்காகும், பொறுங்க" என்றார் டாக்டர். நாளுக்கு எட்டு மாத்திரை விழுங்கியும் அந்த ஊர்தல் நிற்காதபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

அப்போதுதான் இயற்கை மருந்து விற்கும் ஒரு செயலியின் விளம்பரம் கண்ணில் பட்டது. நம்பர் கொடுத்த பத்து நிமிடத்தில் அழைத்தார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணே, "பாராதைராய்டு பிரச்சினைதானேக்கா?" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். என் வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையாது. "அதான் ஆபரேஷன் முடிஞ்சிருச்சே, இன்னும் என்ன?" என்பார்கள். இவள் முக்கால் மணி நேரம் கேட்டாள். தன் அம்மாவுக்கும் இதேதான் என்றாள். அழுதுவிட்டேன். அழுத கையோடு 18,500 ரூபாய் அனுப்பினேன்.

வந்தது பிரண்டை, முருங்கை இலை, எள் கலந்த பொடி. "மாத்திரை போட்டுக்கிட்டே இருந்தா சுரப்பி தூங்கிட்டே இருக்கும்க்கா, நிறுத்தினாத்தான் முழிக்கும்" என்றாள். நிறுத்தினேன். நான்காம் நாள் ராத்திரி தோசை வார்க்கும்போது கை உள்பக்கமாக மடங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. விரிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தத்தில் 8.5-க்குக் கீழே போகக் கூடாத கால்சியம் 6.2-இல் இருந்தது. இதயத் துடிப்பை மானிட்டரில் பார்த்தபடியே நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்றினார்கள். பாராதைராய்டு வேலை செய்யாத உடம்பில் சாப்பாட்டுக் கால்சியம் மட்டும் போதாது, கால்சிட்ரியால் இருந்தால்தான் குடல் அதைச் சரியாக எடுத்துக்கொள்ளும் என்று அங்கேதான் புரியவைத்தார்கள்.

படுக்கையிலிருந்தே அவளுக்குப் போன் செய்தேன். "கழிவு வெளியேறுதுக்கா, நல்ல அறிகுறி." நல்ல அறிகுறியாம்! மறுநாள் முதல் எடுக்கவே இல்லை. பொது எண்ணில் ஒருவர், "டப்பாவைப் பிரிச்சிட்டீங்களே மேடம், பணம் வராது" என்றார். இன்னொருவர், "நாங்க மருந்தே விக்கலையே, உணவுப் பொருள்னுதானே போட்டிருக்கு" என்றார். டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் போட்டுத்தான் இருந்தது. மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டால், "எழுத்துல இருக்கா?" என்கிறார்கள். இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. 18,500 ரூபாய்! மகளின் ஃபீஸுக்கு வைத்திருந்த பணம்.

நிதானமாக யோசனை எழுத இப்போது மனம் இல்லை. டாக்டரைக் கேட்காமல் கால்சியத்தையும் கால்சிட்ரியாலையும் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். கை கால் இழுத்தால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். போனில் மாத்திரையை நிறுத்தச் சொன்னால், எவ்வளவு அன்பாகப் பேசினாலும் வைத்துவிடுங்கள். பில்லையும் டப்பாவையும் தூக்கிப் போடாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகார் கொடுத்திருக்கிறேன். 18,500 ரூபாய்க்கும் பில் என்னிடம் இருக்கிறது.