கார்னிடைனா, கோ-க்யூ 10-ஆ?

புதுச்சேரி ஜிம்களிலும் கடலூர் மருந்துக் கடைகளிலும் 'கொழுப்பைச் சக்தியாக்கும்' என்று இந்த இரண்டு துணைச்சத்து மாத்திரைகளையும் ஒரே வரியில் விற்கிறார்கள். இரண்டின் வேலையும் வேறு.

எல்-கார்னிடைன் சுமைதூக்கி. நீளச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை செல்லின் சக்திக்கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைத் தாண்டி உள்ளே கொண்டுபோய் விடும். ஈரலும் சிறுநீரகமும் லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களிலிருந்து இதைத் தயாரித்துவிடுவதால் நலமாக இருப்பவருக்குத் தட்டுப்பாடு அரிது. ஆள் கூடுவதால் மட்டும் அடுப்பு வேகமாக எரியாது. ஆய்வுகளில் எடைக் குறைவு சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'டார்ட்ரேட் 1000 மி.கி.' (கார்னிடைனின் உப்பு வடிவம்) என்றிருந்தால் அதில் கார்னிடைன் சுமார் 680 மி.கி.தான். மாத்திரையில் உடல் உறிஞ்சுவது 5 முதல் 18 சதவீதம். மட்டன் போன்ற உணவில் பாதிக்கு மேல். மீதியைக் குடல் பாக்டீரியா மீன்வாடை அடிக்கும் டிரைமெதிலமைனாக மாற்றும். நாளுக்கு 3 கிராம் போனால் குமட்டல், பேதி, வியர்வையில் மீன்வாடை.

கோ-க்யூ 10 அடுத்த கட்டம்: மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எலக்ட்ரானைக் கைமாற்றி, செல் செலவழிக்கும் சக்தி மூலக்கூறான ஏடிபி உருவாக உதவும். எடையைக் குறைக்காது. கொழுப்பில் கரைவதால் வெறும் வயிற்றில் போட்டால் சரியாக உறிஞ்சப்படாது. மத்திக் குழம்புச் சாப்பாட்டோடு போடலாம். ஸ்டாடின் (கொலஸ்ட்ரால் குறைக்கும் மருந்து) எடுப்பவர்களுக்கு இதன் ரத்த அளவு குறையும் என்பதால், தசைவலி இருந்தால் மருத்துவரிடம் கேட்கலாம்.

வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) எடுப்பவர்கள் இரண்டையும் தானாகத் தொடக்கூடாது. வலிப்பு உள்ளவர்களுக்குக் கார்னிடைன் வேண்டாம்.