ஜே-பால் ஆய்வுத் தளம்: கிராமத் திட்டம் வகுப்பவர்களுக்கு எந்த அளவுக்கு உதவும்?

கிராமங்களுக்கான அரசுத் திட்டங்களை வகுப்பவர்கள், நடத்துபவர்கள், அவற்றைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது நிதானமாக உட்கார்ந்து படிக்க வேண்டிய இணையதளம் இது. ஜே-பால் என்பது 2003ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வறுமை ஒழிப்பு ஆய்வு மையம். அதைத் தொடங்கியவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ இருவரும் 2019ல் மைக்கேல் கிரெமரோடு சேர்ந்து பொருளாதார நோபல் வாங்கியவர்கள். ஒரு திட்டத்தைக் குலுக்கல் முறையில் சில ஊர்களுக்கு மட்டும் கொடுத்து, கொடுக்காத ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இவர்கள் வழி. அப்படிச் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள ஆய்வுகளின் சுருக்கம் தளத்தில் இருக்கிறது. நாடுவாரியாக, துறைவாரியாகத் தேடலாம், காசு கிடையாது.

என்ன கிடைக்கும் என்பதற்கு இந்தோனேசியாவின் ரேஷன் அரிசி ஆய்வு நல்ல உதாரணம். ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 15 கிலோ அரிசி மானிய விலையில் தர வேண்டும் என்பது திட்டம், ஆனால் கையில் போய்ச் சேர்ந்தது அதில் ஒரு பகுதிதான், அதுவும் கூடுதல் விலைக்கு. 2012ல் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் மட்டும் தகுதியுள்ள குடும்பங்களுக்குத் தபாலில் ஒரு அட்டை அனுப்பினார்கள். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை, 'உங்களுக்கு இவ்வளவு உரிமை உண்டு' என்று சொல்லும் அட்டை, அவ்வளவுதான். அட்டை போன ஊர்களில் அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்த மானியம் 26 சதவீதம் கூடியது. பட்டியலைச் சுவரொட்டியாக ஊரில் ஒட்டி, எல்லாருக்கும் தெரியும்படி செய்த இடங்களில் பலன் இன்னும் அதிகம், ஏனென்றால் தனக்கு உரிமை இருக்கிறது என்று ஒருவருக்குத் தெரிவது ஒன்று, அது ஊருக்கே தெரியும் என்பது ஊர்த் தலைவருக்கும் தெரிவது வேறு. அடுத்த ஆண்டே அந்த அரசு 1.55 கோடி குடும்பங்களுக்கு அட்டை அனுப்பியது. ஒரு ஆய்வு கொள்கையாக மாறுவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பக்கங்கள் அதிகம் இல்லை.

அப்புறம் ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் நடந்த தடுப்பூசி ஆய்வு. குக்கிராமங்களில் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 6 சதவீதம்தான். மாதாமாதம் தவறாமல் முகாம் நடத்தியதில் அது 18 ஆனது. முகாமுக்கு வரும் தாய்க்கு ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்ததும் தட்டுகளும் கொடுத்ததில் 39 ஆனது. இதைக் கேட்டதும் 'லஞ்சம் கொடுத்து ஊசி போட வைப்பதா' என்று பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் செலவுக் கணக்கைப் பாருங்கள். செவிலியர் எப்படியும் நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் அதிகம் பேர் வந்தால் தலைக்கு ஆகும் செலவு குறையும்; பருப்பு கொடுத்த முகாமில் ஒரு குழந்தைக்கு ஆன செலவு, கொடுக்காத முகாமில் ஆனதில் பாதிதான். நிதித்துறை அதிகாரி முன்னால் வைக்க இதைவிட நல்ல வாதம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் தளத்தின் உண்மையான மதிப்பு தோற்றுப்போன திட்டங்களின் பக்கங்களில்தான் இருக்கிறது, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதே உதய்ப்பூர் மாவட்டத்தில், அரசு சுகாதார மையச் செவிலியர்கள் வேலைக்கு வருகிறார்களா என்று நேரம் பதியும் கருவி வைத்துப் பார்த்தார்கள். முதல் சில மாதங்கள் வருகை நன்றாகவே ஏறியது. பிறகு மேலிடமே 'இன்று இவருக்கு விலக்கு' என்று எழுதிக் கொடுக்க ஆரம்பித்தது, 16 மாதத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது.  திட்டத்தை நடத்த வேண்டிய நிர்வாகமே அதைக் கைவிட்டது. செயலி வைத்தால் சரியாகிவிடும், கேமரா வைத்தால் சரியாகிவிடும் என்று கோப்பு எழுதுகிற ஒவ்வொருவரும் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு எழுதினால் எவ்வளவோ பணம் மிஞ்சும்.

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் 608 கிராமச் சாலைகளைப் பற்றிய ஆய்வையும் விட்டுவிடாதீர்கள். போட்ட சாலையைத் தோண்டி மாதிரி எடுத்து, கணக்கில் எழுதிய பொருள் உள்ளே இருக்கிறதா என்று அளந்திருக்கிறார்கள். அரசுத் தணிக்கை நிச்சயம் வரும் என்று முன்கூட்டியே சொன்ன ஊர்களில் காணாமல் போகும் பணம் சுமார் 8 சதவீதப் புள்ளி குறைந்தது, கூடவே அந்த வேலைகளில் சொந்தக்காரர்களைச் சேர்ப்பது கூடியது. ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்று எங்கே திறக்கும் என்று முன்பே யோசிக்க இது கற்றுக்கொடுக்கிறது.

குறைகளும் உண்டு. சுருக்கங்களின் மேலே இருக்கும் ஒருவரி முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் ஆபத்து. ஆறு நாடுகளில் பரம ஏழைகளுக்குக் கால்நடை, பயிற்சி, கொஞ்ச காலம் உதவித்தொகை என்று சேர்த்துக் கொடுத்த திட்டம் மொத்தத்தில் நல்ல பலன் தந்தது, 2015ல் வந்த முடிவு அது. ஆனால் ஹோண்டுராஸில் பலர் கோழியைத் தேர்ந்தெடுத்தார்கள், நோய் வந்து கோழிகள் செத்துப்போயின. சராசரியைப் படிக்கிறவருக்கு அந்தக் குடும்பங்கள் கண்ணில் படுவதில்லை. அதனால் முடிவை விட்டுவிட்டு, எந்தச் சூழலில் செய்தார்கள், யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்று சொல்லும் பகுதியை முதலில் படியுங்கள்.

இரண்டாவது, குலுக்கல் போட்டுப் பிரிக்க முடியாத கேள்விகள் இங்கே மெலிந்துதான் இருக்கின்றன. நிலம் யார் பெயரில் இருக்கிறது, கால்வாய்த் தண்ணீரைக் கடைமடைக்கு யார் விடுகிறார்கள் என்பதையெல்லாம் இந்த முறையில் பிடிப்பது கஷ்டம். ஓரிடத்தில் பலித்தது இன்னோரிடத்தில் பலிக்கும் என்று எப்படிச் சொல்வது என்று 2015ல் பொருளாதார நோபல் வாங்கிய ஆங்கஸ் டீட்டன் தொடர்ந்து கேட்டுவருகிறார், நியாயமான கேள்வி. ஆகவே இந்தத் தளத்தோடு அந்தந்தப் பகுதியின் கணக்கெடுப்புகளையும், ஊரில் தங்கி எழுதிய ஆய்வுகளையும், கிராமசபையில் மக்கள் சொன்னதையும் சேர்த்து வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எனக்குப் பெரிய வருத்தம் மொழிதான். தளத்தின் பெரும்பகுதி ஆங்கிலம். மேலே கோப்பு எழுதுபவருக்கு அது போதும், ஆனால் ஊராட்சி உறுப்பினரும் மகளிர் குழுத் தலைவியும் 'எங்கள் ஊரில் இதைச் சோதித்துப் பார்த்தீர்களா' என்று கேட்க வேண்டுமானால் இந்தப் பக்கங்கள் அவர்கள் மொழியில் இருக்க வேண்டும். இந்தோனேசிய அட்டை ஆய்வையாவது யாராவது நல்ல தமிழில் இரண்டு பக்கமாக எழுதிக் கொடுத்தால், அதைப் படித்த அன்றைக்கே பயனாளிகள் பட்டியலை ஊர்ச் சுவரில் ஒட்டச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.