முழுக்கு எளிது, காய்வதுதான் பாடு: டைவிங் குழாய்க்கு வெயிலா, விசிறியா, ஏசியா?

கார்த்திகையில் பையில் போட்டு வைத்த பிசிடியை (முங்கும்போது முதுகில் மாட்டும் காற்றுச் சட்டை) பொங்கல் கழித்துப் பிரித்தேன். நனைந்த சாக்கை மூலையில் போட்டு மறந்த வாடை. அதன் மடிப்புக் குழாயின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தால், ஒவ்வொரு மடிப்புக்கும் இடையில் சாம்பல் நிறப் புள்ளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கழுவாமல் வைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது, நன்றாகவே கழுவினேன். காயவில்லை, அவ்வளவுதான். அதன்பிறகு நாகப்பட்டினம் பக்கத்து வீட்டில் எது எதற்குத் தோதுப்படுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன்.

முதலில் ஒன்று. குழாய் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை. ரெகுலேட்டரின் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் கருவி) அழுத்தக் குழாய்க்குள் உலர்ந்த காற்று மட்டும்தான் ஓட வேண்டும், உள்ளே தண்ணீர் போகவே கூடாது. ஆகவே அதைக் கழுவும்போது கவலையெல்லாம் சிலிண்டரில் மாட்டும் முனையின் மூடி (டஸ்ட் கேப்) இறுக்கமாக இருக்கிறதா, ஊறும்போது யாராவது வாய்ப்பகுதியின் பர்ஜ் பட்டனை (காற்றைப் பீய்ச்சும் பட்டன்) அமுக்கிவிடுவார்களா என்பதுதான். அமுக்கினால் வால்வு திறந்து தண்ணீர் குழாய் வழியாக சிலிண்டரில் மாட்டும் பகுதியான முதல் நிலை வரை போய்விடும். சிலிண்டரில் மாட்டி, காற்றைத் திறந்து வைத்தே ஊற வைத்தால் அந்தப் பயம் இல்லை. மடிப்புக் குழாய் வேறு ரகம். பிசிடியின் மடிப்புக் குழாய்க்குள் கடல் தண்ணீர் போகும், நம் எச்சிலும் போகும். ரீபிரீதர் (வெளிவிட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்பத் தரும் கருவி) வைத்திருப்பவர்களுக்கும், பழைய இரட்டைக் குழாய் ரெகுலேட்டரை ஆசையாக வைத்திருப்பவர்களுக்கும் அதுவே மூச்சு விடும் வழி. பூஞ்சை பிடித்தால் நேரே நுரையீரலுக்குத்தான். இங்கே பேசப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைப் பற்றி.

தண்ணீரில் தொடங்கலாம். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. கடலோர டெல்டாவில் பாதிப் பேருக்கு இதே கதைதான். அதில் கழுவிக் காயவைத்தால் கறுப்பு ரப்பரில் வெள்ளைத் திட்டு நிற்கும். தெருக்குழாயில் வரும் கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் நல்ல தண்ணீர், ஆனால் குடம் கணக்குப் பார்த்துப் பிடிப்பதை ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) கழுவக் கொட்டினால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டிலிருந்து அண்டாவில் விழும் மழைத்தண்ணீர் எல்லாவற்றையும் விட மேல். நான் கண்ட வழி கலவைதான். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. எங்கள் போரில், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 1,500 காட்டுகிறது, அதாவது லிட்டருக்கு ஒன்றரை கிராம். கடல் உப்பைக் கரைத்து விரட்ட அது தாராளமாகப் போதும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர். மாயவரத்துக்காரர்கள் மன்னிக்க வேண்டும், எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கடைமுழுக்கு.

முடவன் முழுக்கும் உண்டு, காலம் கடந்து வந்தவனுக்கானது. புதுச்சேரியில் முங்கிவிட்டு மூன்றரை மணி நேரம் வண்டியில் வந்து சேர்வதற்குள் உப்பு காய்ந்து பட்டன்களின் இடுக்கில் கல்லாகிவிடும். அப்படித் தாமதமாக வந்ததை குழாயடியில் பீய்ச்சிப் பயனில்லை. கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் இரவு முழுக்க ஊறத்தான் வேண்டும். பிசிடி என்றால் காற்றை வெளியேற்றும் டிஃப்ளேட் பட்டனை அமுக்கியபடி குழாய் வழியாக இரண்டு மூன்று லிட்டர் ஊற்றி, காற்றும் ஊதி, முறத்தில் புடைப்பதுபோல் புரட்டிக் குலுக்கி, தலைகீழாகப் பிடித்து வடிக்க வேண்டும். முதல் தடவை வடிந்ததை நக்கிப் பார்த்தால் இன்னும் கரிக்கும். கரிப்பு போகும்வரை திரும்பத் திரும்ப.

மருந்து விஷயத்தில் அதிகம் சொல்ல இல்லை. டெட்டால் போட்டால் அடுத்த நாலு டைவுக்கு ஆஸ்பத்திரி வாசனையை முகர்ந்துகொண்டே முங்கலாம். வினிகர் உப்புத் திட்டைக் கரைக்கும், கிருமிக்கு அதை நம்ப முடியாது. பிளீச் கிருமியைக் கொல்லும், கூடவே அதிக நேரம் விட்டால் துணியையும் உலோகத்தையும் அரிக்கும். வினிகரையும் பிளீச்சையும் ஒரே வாளியில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். இதில் நமக்கு ஒரு வசதி: ரீபிரீதர் ஆட்கள் பலர் பயன்படுத்தும் விர்கான் என்ற கிருமிநாசினிப் பொடி, இறால் பண்ணையும் கோழிப் பண்ணையும் உள்ள ஊரில் எளிதாகக் கிடைக்கிறது. லிட்டருக்கு 10 கிராம், பத்து நிமிடம், பிறகு நன்றாக அலச வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் வெளுத்தால் கரைசல் தீர்ந்தது என்று அர்த்தம். ஆனால் உங்கள் கருவியின் கையேடு வேறு மருந்து சொன்னால் அதையே கேளுங்கள்.

சரி, காயவைப்பதற்கு வருவோம். பாடு அங்கேதான்.

மொட்டை மாடி வெயில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. நெல்லையும் கருவாட்டையும் காயவைத்தே பழகிய கை நம்முடையது. ஆனால் ரப்பர் கருவாடு இல்லை. ஒரு சித்திரையில் நான் மாடிக் கொடியில் தொங்கவிட்டு மறந்துபோன குழாய், முனையில் வளையும் இடத்தில் நகக்கீறல்போல் வெடித்திருந்தது. வெட்சூட் (முங்கும் ரப்பர் உடை) முட்டியிலும் தோளிலும் விறைத்துப்போனது. இத்தனைக்கும் வெளிப்புறம்தான் காய்ந்தது, மடிப்புக்குள் ஈரம் அப்படியே. வேகம் என்ற ஒன்றுக்காக வெயிலுக்கு மதிப்பெண் தர எனக்கு மனம் வரவில்லை. ஹேர் டிரையருக்கும் இதே தீர்ப்பு.

கொல்லைத் தாழ்வார நிழல் காலத்தைப் பொறுத்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது குழாய் காயாதா? இரு முனையும் திறந்து, காற்றுக்கு நேராகக் கட்டினால் ஒரு சாயங்காலம் போதும். ஐப்பசி அடைமழையில் அதே இடத்தில் மூன்று நாள் தொங்கினாலும், தூக்கி உதறினால் துளி தெறிக்கிறது.

டேபிள் ஃபேனை முன்னால் வைப்பது பாதி ஏமாற்று. காற்று குழாயைச் சுற்றிக்கொண்டு போகுமே தவிர உள்ளே நுழையாது. பழைய கம்ப்யூட்டரின் 12 வோல்ட் விசிறியில், அடி வெட்டிய இரண்டு லிட்டர் பாட்டிலைப் புனல்போல ஒட்டி, பாட்டில் கழுத்தைக் குழாயில் செருகினேன். குழாய் முனையில் உள்ள இன்ஃப்ளேட்டரை (காற்று ஊதும் பட்டன் பகுதி) கழற்றிவிட்டுச் செருக வேண்டும், இல்லாவிட்டால் காற்று வெளியேற வழியில்லை. சாதாரண நாளில் இரண்டு மூன்று மணி நேரத்தில் உள்ளே விரல் விட்டால் ஈரம் ஒட்டாத அளவு காய்ந்துவிடும். செலவு, அடாப்டர் விலைதான்.

சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றும் நல்ல ஆயுதம். கம்ப்ரஸர் ஃபில்டர் ஈரத்தை உறிஞ்சிவிட்டுத்தான் அடைக்கிறது, ஆகவே எலும்பாய்க் காய்ந்த காற்று அது. ஆனால் 12 லிட்டர் சிலிண்டரில் 30 பார் அழுத்தம் என்றால் 360 லிட்டர்தான், சில நிமிடத்தில் முடிந்துவிடும். மடிப்பில் தங்கிய துளிகளை விரட்டும், முழுதாய்க் காயவைக்காது. அதையும் வாடகைச் சிலிண்டரில் செய்ய வேண்டுமானால், டைவ் கடையிலேயே அலசிவிட்டு "அண்ணே, மிச்சக் காத்துல கொஞ்சம் ஊதிக்கட்டுமா?" என்று கேட்டுச் செய்வது மரியாதை. கடைசிச் சொட்டு வரை காலி செய்யக் கூடாது, உள்ளே ஈரம் புகும்.

மழைக்காலத்தில் இவை எல்லாவற்றையும் ஜெயித்தது படுக்கையறை ஏசி. டிரை மோடில் வைத்து, அதே கம்ப்யூட்டர் விசிறியைக் குழாயில் செருகி, கதவைச் சாத்தினால் ஒரு ராத்திரி. வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது விசிறி ஈரத்தைத்தான் ஊதும். ஏசி அறையில் அந்தச் சிக்கல் இல்லை. எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. "ரூமெல்லாம் ரப்பர் நாத்தம் அடிக்குது, இதோட நீங்களும் தாழ்வாரத்துல படுங்க." கரண்டு போனால் எல்லாம் முதலிலிருந்து.

ஆக, தை முதல் புரட்டாசி வரை தாழ்வாரமும் விசிறியும், ஐப்பசி, கார்த்திகையில் ஏசியும் சமாதானப் பேச்சும். எங்கே தொங்கவிட்டாலும் காய்ந்தபின் முனைகளில் கொசுவலைத் துண்டைப் போட்டு ரப்பர் பேண்டு மாட்டிவிடுங்கள். போன மாசி மாதம் ஒரே வாரத்தில் என் குழாய்க்குள் குளவி மண் கொண்டுவந்து கூடு கட்டிவிட்டது. அதைத் தோண்டி எடுக்கத் திரும்பவும் போர் தண்ணீரில் தொடங்க வேண்டியதாயிற்று.